துரும்புக்கு ஒரு சேமியா ஐஸ்

தவசி சைக்கிள்லயே தூங்குவான். சும்மா சொல்லல. தேவிபட்டினத்துல ஏறி ஒக்காந்தான்னா கண்ணு பாதி மூடிரும், கழுத்து ஒரு பக்கமாத் தொங்கிரும், காலு ரெண்டும் மட்டும் மிதிச்சுக்கிட்டே இருக்கும். பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் பொட்டல்ல போயி, நரிப்பொட்டல் கம்மாக்கரைப் புளியமரத்தடியில சைக்கிள் தானா நிக்கும். அப்பத்தான் முழிப்பான். "வந்துட்டமா?"ன்னு சைக்கிளப் பாத்துக் கேப்பான். நான் பஞ்சர் ஒட்டுறவன். அந்தச் சைக்கிளப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுனவன். அதுக்கு எங்கயும் கண்ணு கெடையாது. ஆனா வழி மட்டும் எப்படியோ தெரியும்.

பின்னால கேரியர்ல ஒரு நீலப் பெட்டி. மரப்பெட்டிதான். உள்ள சாக்கு, அதுக்குள்ள குச்சி ஐஸ். செவப்பு ஐஸ், பாலைஸ், சேமியா ஐஸ். செவப்பு ஐஸத் தின்ன புள்ளைக்கு நாக்கு மூணு நாளைக்குச் செவந்து கெடக்கும். நாலாம் நாளு வாத்தியாரு கேப்பாரு, "ஏலே, வெத்தல போட்டியா?" சேமியா ஐஸ்தான் ராசா. அதுல நாலு சேமியா இருக்கும். நாலுக்கு மேல இருந்தா அது தவசி தூக்கத்துல எண்ணாம விட்டது.

காசு இருக்கிற புள்ள காசு குடுக்கும். இல்லாத புள்ள வேப்பமுத்து அள்ளிட்டு வரும், பழைய ரப்பர் செருப்பு கொண்டு வரும், ஒடைஞ்ச பிளாஸ்டிக் வாளி கொண்டு வரும். எதக் குடுத்தாலும் ஐஸ் தருவான். ஒரு பய ஒருநாள் உயிரோட ஒரு ஓணானக் கொண்டாந்தான். அதுக்கும் ஒரு செவப்பு ஐஸக் குடுத்துட்டு, ஓணானப் பெட்டி மேல ஒக்கார வச்சு ஊரு வரைக்கும் கூட்டியாந்தவன் அவன். அதனால அந்தப் பக்கத்துப் புள்ளைகளுக்கு ஒரு சட்டம் மனப்பாடம்: தவசிகிட்ட ஒண்ணு குடுத்தா ஒண்ணு வாங்கலாம்.

அந்தச் சட்டந்தான் வெனையாப் போச்சு.

எம்பத்தி ரெண்டு, வைகாசி மாசம். மழ பேஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. கம்மா பூராம் வெடிச்சுக் கெடக்கு, ஒரு வெடிப்புக்குள்ள ஆட்டுக்குட்டி விழுந்தா அடுத்த ஊருல வெளிய வருமாம். தவசி புளியமரத்தடியில முழிச்சுப் பாக்குறான், ஊரே ஒக்காந்திருக்கு. அடேயப்பா, நம்ம ஐஸுக்கு இம்புட்டுக் கூட்டமான்னு நெனச்சானாம். அப்புறந்தான் தெரிஞ்சிருக்கு, அது பஞ்சாயத்து. நடுவுல தனுஷ்கோடி அம்பலம், அந்த ஊருக்குப் பெரிய மனுசரு. அவரு மீசையில காக்கா கூடு கட்டிருந்தாலும் எவனும் போயிச் சொல்ல மாட்டான், அம்புட்டு மரியாதை. ஒரு பக்கம் பால்சாமி, வெவசாயம் பாக்குற சம்சாரி. இன்னொரு பக்கம் அவரு பொண்டாட்டி செவ்வந்தி, எங்க தேவிபட்டினத்துப் புள்ள.

ரெண்டு பேரும் தங்கமான ஆளுக. தனித்தனியாப் பாத்தா ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்குள்ள வச்சாத்தான் தீப்பிடிச்சுக்கும். அவரு வானத்தையே பாத்துக்கிட்டிருப்பாரு, பேச மாட்டாரு. அது கடக்கரையில வளந்த புள்ள, பேசாம இருந்தா மூச்சு முட்டும். பத்து வருசம் தள்ளிப் பாத்தாக. முடியல. கல்யாணத்தத் தீத்து விடச் சொல்லிக் கேட்டு நின்னாக.

அப்பல்லாம் அந்தப் பக்கம் கோர்ட்டு, வக்கீலு எவன் போனான்? துரும்பு கிள்ளுறதுதான். அம்பலம் ஒரு வைக்கோல் துரும்ப எடுத்து, சபைக்குக் காட்டி, ரெண்டாக் கிள்ளிப் பாதியப் புருசன் கையில குடுப்பாரு, பாதியப் பொண்டாட்டி கையில குடுப்பாரு. முடிஞ்சது கல்யாணம். ஆம்பளப்புள்ள அப்பனோட, பொம்பளப்புள்ள ஆத்தாளோட. எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டுப் போயிரலாம்.

பேசி முடிச்சாச்சு. அம்பலம் கைய நீட்டுறாரு, துரும்பக் காணோம். "யாராச்சும் ஒரு துரும்பு எடுங்கப்பா"ன்னாரு. எவனும் எந்திரிக்கல. எவனுக்கு மனசு வரும்? நம்ம தவசிக்கு என்ன பஞ்சாயத்து, என்ன வழக்குன்னு ஒண்ணும் வெளங்கல, பாதித் தூக்கம். பெட்டிக்குப் பக்கத்துல ஒரு சின்னப்புள்ள சேமியா ஐஸையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எட்டு வயசு இருக்கும். "ஓடு தாயி, அந்த வைக்கோல் படப்புல ஒரு துரும்பு உருவிட்டு வா, ஐஸ் தாரேன்"னான்.

அது ஓடுச்சு. நல்ல நீளமா, ஒடையாம, மஞ்சளா ஒண்ணப் பாத்து உருவிட்டு வந்துச்சு. அம்பலத்துக்கிட்டக் குடுத்துட்டு வந்து ஐஸ வாங்கிச்சு. அது தின்னுக்கிட்டு நிக்கும்போதே அம்பலம் துரும்பக் கிள்ளுனாரு.

அந்தப் புள்ள பேரு மீனம்மாள். பால்சாமிக்கும் செவ்வந்திக்கும் மூத்த புள்ள.

செவ்வந்தி மகளக் கூட்டிக்கிட்டுத் தேவிபட்டினம் வந்துருச்சு, அண்ணன் செல்லச்சாமி வீட்டுக்கு. செல்லச்சாமி கோயிலுக்கு வாரவுகளுக்குத் தேங்கா பழம் விக்கிறவரு. அவரு கடைக்கு எதுத்தாப்பல என் கடை. நடுவுல ஒரு ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடலு. எங்க கடலுக்குப் பொண்ணுக் கடல்னு பேரு. அலையே கெடையாது. வெயில்ல பாத்தா, யாரோ ஈயத்தக் காச்சி ஊத்தி ஆறப்போட்ட மாதிரி கெடக்கும். அதுக்குள்ள ஒம்போது கல்லு, சாமிக்கல்லு. தண்ணி வத்துனா தலையத் தூக்கும், ஏறுனா முங்கிரும். இந்தப் புள்ள தேங்காச் சாக்கு மேல ஒக்காந்து அந்தக் கல்லையே பாத்துக்கிட்டிருக்கும். விளையாடாது, பேசாது. நான் வம்புக்கு இழுத்துப் பாத்தேன். "ஏத்தா, உங்க மாமன் தேங்காயில பாதி அழுகலாமே?" சிரிக்கல. உண்மையச் சொன்னா எங்க சிரிப்பு வரும்?

ஒருநாள் மத்தியானம், ஊரே உருகி ஓடுற வெயில். தவசி வெறும் பெட்டியோட வந்து என் கடை வாசல்ல நின்னான். நான் டயரக் கழட்டிக்கிட்டிருந்தேன். இந்தப் புள்ள ரோட்டத் தாண்டி வந்துச்சு. கையில என்னமோ துணியில சுத்தி வச்சிருக்கு. பிரிச்சுச்சு. உள்ள ஒரு ஐஸ் குச்சி. கழுவி, காயவச்சு, பளபளன்னு.

"இந்தாங்க உங்க குச்சி"ன்னுச்சு. "எந்துரும்பத் திருப்பிக் குடுங்க."

தவசி சிரிச்சுட்டான், வழக்கமாச் சிரிக்கிற மாதிரி. "எந்தத் துரும்பு ஆத்தா?"

"அன்னைக்கு நான் குடுத்தது. நான் தெரியாமக் குடுத்துட்டேன். ஐஸத் தின்னுட்டேன், அதத் தர முடியாது. குச்சி இருக்கு. துரும்ப அம்பலத்தய்யா கிட்ட வாங்கித் தாங்க, நான் படப்புலயே சொருகிருவேன்."

வல்லாஹி, அல்லா மேல சத்தியமாச் சொல்றேன், தவசிய நான் நாப்பது வருசத்துக்கு மேல அறிவேன், அவன் ரெண்டு கண்ணும் முழுசாத் தொறந்து அன்னைக்குத்தான் பாத்தேன். அந்தக் குச்சிய வாங்கவும் முடியாம, வேண்டாம்னு சொல்லவும் முடியாம, கைய நீட்டுனபடியே நிக்கிறான். புள்ள குச்சிய அவன் கையில வச்சுட்டு, "நாளைக்கு வாரேன்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

"ஏலே ஹாஜா"ன்னான், குச்சியப் பாத்துக்கிட்டே. "அது தன் ஆத்தா அப்பன ஒரு ஐஸுக்கு வித்துட்டதா நெனச்சுக்கிட்டிருக்குடா."

"ஆமா."

"சேமியா ஐஸுடா. நாலு சேமியா கூட அதுல இல்லடா."

கழட்டுன டயரத் திருப்பி மாட்ட ஆரம்பிச்சேன்.

செவ்வந்திகிட்டப் போயிக் கேட்டா, அது அழுகுது. "அண்ணே, இந்தப் புள்ள எதையும் ஒடைக்க மாட்டேங்குதுண்ணே. அப்பளம் வச்சா முழுசா வாயில திணிக்குது. சுள்ளி ஒடைச்சு அடுப்புல போடுன்னா நீளமா அப்படியே வைக்குது, வீட்டக் கொளுத்தப் பாத்துச்சு. முறுக்கு குடுத்தா கையிலயே வச்சிருக்கு. பேய் புடிச்சிருச்சோன்னு ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாக." பேயுமில்ல பிசாசுமில்ல. ஒரு தடவ ஒண்ணு ஒடைஞ்சத அது பாத்திருக்கு, அம்புட்டுத்தான்.

அங்கிட்டு நரிப்பொட்டல்ல தம்பிக்காரன் குருநாதன், அஞ்சு வயசு. தவசி சைக்கிள் வந்து நின்னாப் போதும், ஓடியாந்து பெட்டியத் தொறந்து உள்ள பாப்பானாம். "என்னடா தேடுற?"ன்னா, "அக்கா." ஐஸுக்கு அடியில, சாக்குக்கு அடியில, கையவிட்டுத் தொழாவிப் பாத்துட்டு மூடிட்டுப் போயிருவானாம். தெனமும். பால்சாமி கம்மாக்கரையில நின்னு பாத்துட்டு, வானத்தப் பாக்குற மாதிரித் திரும்பிக்கிருவாராம்.

தவசி மொதல்ல பொய் சொல்லிப் பாத்தான். அதுல அவன் கெட்டிக்காரன். "அது துரும்பே இல்ல ஆத்தா, கோரப்புல்லு"ன்னான். புள்ள சொல்லுச்சு, "நாந்தான உருவுனேன், வைக்கோலு." மறுநாள் ஒரு கட்டு வைக்கோலப் பெட்டி மேல வச்சுக் கட்டிக்கிட்டு வந்தான். "இந்தா, ஒண்ணுக்கு ஆயிரம்." புள்ள கட்டப் பிரிச்சு, ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துச்சு. மத்தியானத்துல இருந்து பொழுது சாயுற வரைக்கும். அந்த வெளிச்சத்துல அது கை, மொகம், வைக்கோலு எல்லாம் ஒரே மஞ்சளா இருந்துச்சு, எது புள்ள எது வைக்கோல்னு எனக்கே மறந்து போச்சு. கடைசியில, "இதுல அது இல்ல"ன்னுச்சு. செல்லச்சாமி மாட்டுக்கு அன்னைக்குப் பெருநாச் சாப்பாடு.

ஆத்தாளும் சொல்லிப் பாத்துருச்சு, "நீ ஒண்ணும் பண்ணல"ன்னு. மாமனும் சொன்னாரு. நானும் சொன்னேன். வீட்டுல சொல்றத எந்தப் புள்ள நம்பும்? அழுகாம இருக்கிறதுக்காகச் சொல்றாகன்னு அதுக்குத் தெரியாதா?

அப்பத்தான் தவசி ஒரு காரியம் பண்ணுனான். இந்த ராமநாதபுரம் ஜில்லாவுல எவனும் பண்ணாத காரியம். தனுஷ்கோடி அம்பலம் வீட்டு வாசல்ல போயி நின்னான்.

"அம்பலத்தய்யா, ஒரு பிராது குடுக்கணும்."

"யாரு மேல?"

"தவசி மேல."

"யாரு குடுக்கிறது?"

"தவசிதான்."

அம்பலம் அவனை மேலயும் கீழயும் பாத்தாராம். "வெயில்ல ரொம்ப அலையாதடா. மோர் குடிக்கிறியா?"

"மோரும் குடிக்கிறேன். பிராதும் குடுக்கிறேன்."

எல்லாத்தையும் சொல்லியிருக்கான். அம்பலம் மீசையத் தொடவே இல்லையாம். "துரும்பு கேட்டது நாந்தானடா"ன்னாராம். "நீங்க யாராச்சும்னு கேட்டீக. அந்தப் புள்ளய ஏவுனது நான். கூலி குடுத்ததும் நான். சபையில ஒடைச்சத, சபையிலதான் சரி பண்ணணும். எங்க மூஞ்சியப் பாத்தா அது நம்பாதுய்யா, உங்க மீசையப் பாத்தா நம்பும்."

அடுத்த ஞாயித்துக்கெழம நாள் வச்சாரு.

செவ்வந்திய வரவைக்கிறதுக்குள்ள எனக்கு உசிரு போச்சு. "துரும்பு வாங்கிட்டு வந்த ஊருல நான் எப்படிக் காலு வைப்பேன்?"னு அது. "மானம் போச்சு மரியாதை போச்சு"ன்னு செல்லச்சாமி. நான் சொன்னேன், "செல்லச்சாமிண்ணே, நீங்க தெனம் எத்தன தேங்கா ஒடைக்கிறீக? உங்க மருமகளால ஒரு அப்பளத்த ஒடைக்க முடியல. வாரீகளா, இல்லையா?" அவரு கையில இருந்த தேங்காயப் பாத்தாரு. சட்டைய மாட்டுனாரு.

நான் கடையச் சாத்திட்டு நானும் போனேன். வேடிக்க பாக்கத்தான். அதுல எனக்கு வெக்கமே கெடையாது.

கானல் தண்ணி மாதிரி ஓடுது பொட்டல் பூராம். தூரத்துல நரிப்பொட்டல் தண்ணிக்கு மேல மெதக்குற மாதிரித் தெரியுது, புளியமரம் தலகீழாத் தொங்குது. நாங்க நடந்து போறமா மெதந்து போறமான்னு வெளங்கல. கிட்டப் போகப் போகத்தான் ஊரு தரையில எறங்கி ஒக்காந்துச்சு. அதே மரம், அதே கூட்டம். பால்சாமி ஒரு பக்கம், மகன மடியில வச்சுக்கிட்டு. செவ்வந்தி ஒரு பக்கம். அக்காளும் தம்பியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக, கிட்ட வரல. வரலாமான்னு தெரியல பாவம்.

தவசி எந்திரிச்சுக் கையக் கட்டுனான். "சபைக்குக் கும்புடு. நான் புத்தியில்லாம ஒரு சின்னப்புள்ளயத் துரும்பெடுக்க ஏவி விட்டேன். குத்தம் என்னோடது. சபை பாத்துச் சொல்லணும்." எவனோ சிரிச்சான். அம்பலம் திரும்பிப் பாத்தாரு. சிரிச்சவன் அடுத்த பொங்கலுக்குத்தான் மறுபடி சிரிச்சிருப்பான்.

"இங்கன வா ஆத்தா"ன்னாரு மீனம்மாள. "நீ என்ன குடுத்த?"

"துரும்பு."

"என்ன வாங்குன?"

"சேமியா ஐஸ்."

"சரி. ஏப்பா பால்சாமி, துரும்பு கிள்ளுனது வைகாசி. எங்களத் தீத்து விடுங்கன்னு நீ எங்கிட்ட வந்து மொதல்ல நின்னது எப்ப?"

பால்சாமி தரையப் பாத்துச் சொன்னாரு, "தையில. பொங்கல் கழிச்சு."

"அப்ப இந்தப் புள்ள எங்க?"

"வீட்டுல தூங்கிட்டிருந்துச்சு."

"செவ்வந்தி, நீ உங்கண்ணன்கிட்டச் சொன்னது?"

"அதே தையிலதான்."

"ஆத்தா, வெரல விட்டு எண்ணு. தையில இருந்து வைகாசி."

புள்ள எண்ணுச்சு. தை, மாசி, பங்குனி, சித்திர, வைகாசி. அஞ்சு வெரலும் மடங்கிருச்சு. மடங்குன கையையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. புளிய எலை விழுகிற சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீக. கேட்டுச்சு.

"அப்பத் துரும்பு எதுக்கு?"ன்னுச்சு.

அம்பலம் தடுமாறிப் போனாரு. அவரு ஆயுசுல அந்தக் கேள்விய எவனும் கேக்கல. யோசிச்சு யோசிச்சுச் சொன்னாரு. "பள்ளிக்கூடம் விடும்போது மணி அடிக்கிறாகள்ல? மணி அடிச்சதுனாலயா ஆத்தா பாடம் முடியுது? பாடம் முடிஞ்சு போச்சு, அத எல்லாருக்கும் சொல்றதுக்கு அடிக்கிறாக. துரும்பும் அம்புட்டுத்தான். நீ எடுத்துக் குடுத்தது மணி அடிக்கிற கட்டை. அந்தக் கட்டைய எடுத்துக் குடுத்த புள்ள மேல எந்த வாத்தியாரும் குத்தம் சொல்ல மாட்டாரு."

புள்ள தலைய ஆட்டுச்சு. சரி, முடிஞ்சதுன்னு நான் எந்திரிக்கப் போனேன். அது திரும்பித் தம்பியப் பாத்துச்சு. அப்புறம் சின்னக் கொரல்ல கேட்டுச்சு, "எனக்கும் தம்பிக்கும் கிள்ளியாச்சா? எனக்கும் எங்கப்பாவுக்கும்?"

எங்களுக்கெல்லாம் அப்பத்தான் ஒறைச்சுச்சு. இம்புட்டு நாளா வயித்துல அத வச்சுக்கிட்டுத்தான் அது கல்லப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்திருக்கு.

பால்சாமி எந்திரிச்சாரு. பேசவே பேசாத மனுசன். மகனத் தூக்கி வச்சுக்கிட்டு நடந்து வந்து மக முன்னால குத்தவச்சு ஒக்காந்தாரு. "இல்ல ஆத்தா. அது புருசன் பொண்டாட்டிக்கு மட்டும். நானும் உங்கம்மாவும் இனி ஒரு வீட்டுல இருக்க மாட்டோம், அது நெசம். சேந்துருவோம்னு உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அப்பனுக்கும் புள்ளைக்கும் கிள்ளுறதுக்கு எந்தப் படப்புலயும் துரும்பு இல்ல. அப்படி ஒண்ணு மொளைச்சா நான் வயலயே கொளுத்திருவேன்."

செவ்வந்தி புளியமரத்தப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு, "அக்கா தம்பிக்கும் இல்ல. அதையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க."

"அதுவும் இல்ல"ன்னாரு பால்சாமி.

துரும்பு கிள்ளுனதுக்கப்புறம் அவுக ரெண்டு பேரும் ஒரே பேச்சப் பேசுனது அப்பத்தான். சண்டை இல்லாமப் பேசுனதும் பத்து வருசத்துல அப்பத்தான்னு பக்கத்துல ஒரு அம்மா என் காதுல ஓதுச்சு.

அம்பலம் கனைச்சாரு. "தீர்ப்பு. எடுத்துக் குடுத்த புள்ள மேல தவறு இல்ல. ஏவி விட்ட தவசி மேல தவறு. தண்டனை என்னன்னா, ஒரு ஞாயித்துக்கெழம இந்தப் பயலப் பெட்டி மேல ஒக்கார வச்சு அக்காகிட்டக் கொண்டு போகணும். அடுத்த ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளய இங்கன அப்பன்கிட்டக் கொண்டாரணும். பொழுது சாயுறதுக்குள்ள அவுகவுக வீட்டுல விட்டுரணும்."

"எத்தன வாரத்துக்குய்யா?"

"இந்தப் பயலுக்கு மீசை மொளைக்கிற வரைக்கும்."

தவசி சபையில நெடுஞ்சாங்கெடையா விழுந்து கும்புட்டான். விழுந்தவன் எந்திரிக்கவே இல்ல. "தூங்கிட்டான்டா"ன்னு ஊரே சிரிச்சுச்சு. நான் பக்கத்துல போயிக் குனிஞ்சு பாத்தேன். மூஞ்சிக்குக் கீழ மண்ணு நனைஞ்சு கெடந்துச்சு. "ஐஸ் தண்ணி ஒழுகியிருக்கு"ன்னு சொல்லிட்டேன்.

அதுக்கப்புறம் நடந்தத மொதல்ல சொல்லிர்றேன். குருநாதனுக்கு மீசை மொளைக்கப் பத்து வருசம் ஆச்சு. அதுவரைக்கும் ஒரு ஞாயிறு தப்பல. காய்ச்சல்னாலும் தவசி போனான், அவன் கல்யாணத்துக்கு மறுநாளும் போனான். புதுப்பொண்டாட்டி முருகம்மாள் என் கடையில வந்து நின்னு, "என்ன வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாக தெரியுமா? புள்ளய"ன்னு தலையில அடிச்சுக்கிச்சு. இந்தச் சேதி பரவி, திருவாடானைப் பக்கம், ஏர்வாடிப் பக்கம், தீத்துக்கிட்ட குடும்பத்துல எல்லாம் இவனத் தேடி வந்தாக. எங்க சாதிசனத்துலயும் ஒரு புள்ள, சலாஹுதீன் மகன், வாப்பா சவுதியில, உம்மா வேற ஊருல. அவனும் அந்த நீலப் பெட்டியில ஏறுனவந்தான். ஒரு நேரத்துல பெட்டி மேல மூணு புள்ள, ஹேண்டில் பார்ல ஒண்ணு. உள்ள ஐஸு இருந்துச்சான்னு எவனும் கேக்கல. இப்ப கோர்ட்டுலயே ஞாயித்துக்கெழம புள்ளயக் காட்டணும்னு எழுதிக் குடுக்கிறாகளாம். தவசிக்கு இப்ப அறுபது தாண்டிருச்சு, ஷேர் ஆட்டோ ஓட்டுறான். ஆட்டோவுல மட்டும் தூங்க மாட்டான். ஏன்டான்னா, "அதுக்கு வழி தெரியாதுடா"ங்கிறான். மீனம்மாள் ராமநாதபுரத்துல பால்வாடி டீச்சரு. நான் இதச் சொன்னா, "மாமா, நீங்க பாதிக்கு மேல புளுகுறீக"ம்பா. பாதிதானே. அது எனக்குப் பெருமைதான்.

இதச் சொல்லக் காரணம் அந்த மொத ஞாயித்துக்கெழம. அதுல புளுகு இல்ல.

காலையில இருந்து மீனம்மாள் ரோட்டுல நிக்கிறா. கடலு அசையல. தண்ணியெது வானமெதுன்னு கோடே இல்ல, ஒம்போது கல்லும் வானத்துல நிக்கிற மாதிரி இருக்கு. பதினோரு மணி இருக்கும், தூரத்துல கானலுக்குள்ள இருந்து ஒரு சைக்கிள் வருது. சக்கரம் தெரியல, மெதந்துதான் வருது. ஓட்டுறவனும் தூங்குறான், பெட்டி மேல ஒக்காந்திருக்கிற பயலும் அவன் முதுகக் கட்டிக்கிட்டுத் தூங்குறான். சைக்கிள் மட்டும் முழிச்சுக்கிட்டு வந்து என் கடை வாசல்ல நின்னுச்சு.

பய எறங்குனான். டவுசர் பூராம் ஐஸ் தண்ணி. அக்காளப் பாத்தான். பெட்டியத் தொறக்கல, இனி எதுக்குத் தொறக்கணும்? "அக்கா, குளுருது"ன்னான். அம்புட்டுத்தான் சொன்னான். அவ அவன் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கடலுக்குப் போனா. முட்டிங்கால் தண்ணியில ரெண்டும் நின்னுச்சுக. எதையோ பேசிக்கிட்டே இருந்துச்சுக. என்னன்னு எனக்குக் கேக்கல, கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கரைக்கு வந்ததும் தவசி பெட்டியத் தொறந்தான். வழி பூராம் உருகி, ஒரே ஒரு சேமியா ஐஸ்தான் மிச்சம். எடுத்து மீனம்மாள் கையில குடுத்துட்டு, "எதுவும் குடுக்க வேண்டாம் ஆத்தா, சும்மா"ன்னான். அப்படியே என் கடைச் செவுத்துல சாஞ்சு கண்ண மூடிக்கிட்டான்.

புள்ள ஐஸ ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. தம்பி பாக்குறான். ஐஸு உருகி முழங்கை வரைக்கும் வழியுது. நான் டியூபக் கையில வச்சுக்கிட்டு மூச்சு விடாம ஒக்காந்திருக்கேன். செல்லச்சாமி எதுத்தாப்பல தேங்காயத் தூக்குன கையோட நிக்கிறாரு. அவ ஐஸப் பாத்தா, தம்பியப் பாத்தா, மடங்கியிருந்த வெரலப் பாத்தா. ஒரு கால மடக்கி, முட்டியில வச்சு, குச்சியோட சேத்து ஒரே அமுக்கு.

டக்.

பாதிக் குச்சி அவளுக்கு, பாதிக் குச்சி அவனுக்கு. பெரிய பாதி தம்பிக்கு.

தவசி கண்ணத் தொறக்கல. "ஏலே ஹாஜா, என்ன சத்தம்?"ன்னான்.

"ஒண்ணுமில்லடா. ஐஸ் ஒடைஞ்சிருச்சு."

"ஒடையட்டும்"னான். பெறகு நெசமாவே தூங்கிப் போனான்.